இரண்டாம் பரிசு

தொழிற்சங்கக் குலுக்கலில் முதல் பரிசு
புகைபோட்ட முழுப் பன்றித்தொடை.
எனக்கு விழுந்தது இரண்டாவது:
ஜாஸ் கச்சேரிக்கு இரண்டு டிக்கெட்.
மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன்.
ரேமிகியுஷ் தொடையை மார்போடு அணைத்துக்கொண்டு
வீட்டுக்குப் போய்விட்டான்.

க்டீனியாவில் பிப்ரவரி.
மீன் கிடங்குக்குக் கீழே ஒரு நிலவறை.
படியிறங்கி முடிப்பதற்குள் பூட்ஸில் ஒட்டிய பனி
உருகிக் காலுறைக்குள் போயிருந்தது.
பக்கத்து நாற்காலியில் என் கோட்டை உட்காரவைத்தேன்.
அதற்கும் டிக்கெட் உண்டு.

நாலு பேர். மேடை ஒரு சாண் உயரம்.
முதலில் ஒரு மெட்டு கிடைத்தது, நல்ல மெட்டு,
சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போகலாம் போல.
பிறகு அதைக் காணோம்.
சாக்ஸபோன்காரன் கண்ணை மூடிக்கொண்டு எங்கோ கிளம்பிவிட்டான்,
மற்ற மூவரும் கதவைச் சாத்தாமல்
அவரவர் வேலையைப் பார்த்தார்கள்.
அவன் திரும்பி வந்ததும், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே,
எல்லாரும் கைதட்டினார்கள்.
சரி, அதுதான் வழக்கம் போல என்று
அடுத்த இடைவெளியில் நானும் தட்டினேன்.
நான் மட்டும்.
அது இடைவெளி இல்லை,
பியானோக்காரி மூச்சு விட்ட இடம்.

இருபத்திரண்டு வருடமாகக் கிரேன் ஓட்டுகிறேன்.
நாற்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு,
இரண்டு பாதங்களுக்கு நடுவே கடல்.
காற்றடிக்கும் நாளில்
கம்பியில் தொங்கும் பெட்டி ஊஞ்சலாடும்.
புதிதாக வருகிறவர்கள் பதறிப்போய்
எதிர்ப்பக்கம் இழுப்பார்கள்.
இழுக்க இழுக்க ஆடும்.
அது போகும் பக்கமே நாமும் போக வேண்டும்,
போய்,
திரும்பலாமா வேண்டாமா என்று அது யோசிக்கும்
அந்த அரை நொடியில்
அதன் தலைக்கு நேர் மேலே நின்றுவிட வேண்டும்.
இருபது டன்,
சொன்ன பேச்சைக் கேட்டு நிற்கும்.

மூன்றாவது பாட்டில் டிரம்ஸ் பையன்
தாளத்தை விட்டு வெளியே சாய்ந்தான்.
விழப்போகிறான் என்றே நினைத்தேன்.
பாஸ் வாசித்த வழுக்கைத்தலைக்காரர்
அவனை இழுக்கவில்லை.
அவன் சாய்ந்த பக்கமே இரண்டு சுரம் நடந்தார்,
மூன்றாவதை வாசிக்காமல் விட்டார்,
விட்ட இடத்துக்கு நேர் மேலே வந்து
நின்றார்.

எனக்கு அடிவயிற்றில் தெரிந்தது.
"பிடித்துவிட்டார்!" என்று
சத்தமாகவே சொல்லியிருக்கிறேன்.
முன்வரிசையில் மூன்று தலைகள் திரும்பின.
கோட்டு ஒன்றும் சொல்லவில்லை.

அதோடு எல்லாம் புரிந்துவிட்டது என்றால் பொய்.
ஐந்தாவது பாட்டில் பல் டாக்டர் ஞாபகம் வந்தது.
ஆறாவதில் தூங்கிவிட்டேனோ என்னவோ,
விடிகாலை ஷிப்ட் முடித்து வந்தவள்.

வெளியே தெருவிளக்கடியில்
அந்த வழுக்கைத்தலைக்காரர்
ஆள் உயர வாத்தியத்தை ஒரு குட்டிக் காருக்குள்
திணித்துக்கொண்டிருந்தார்.
நான் கேட்காமலேயே என் கை எழுந்தது.
உள்ளங்கை கீழே பார்த்தால்: இறக்கு.
விரல் நீண்டால்: அந்தப் பக்கம்.
முட்டி மடங்கினால்: நில்.
யார் நீ என்று அவர் கேட்கவில்லை.
இறக்கினார், திருப்பினார், நின்றார்.
கியர் கம்பிக்கு ஒரு விரற்கடை விட்டு
வாத்தியத்தின் கழுத்து படுத்துக்கொண்டது.

"துறைமுகமா?" என்றார்.
ஆமாம் என்றேன்.
"மூன்றாவது பாட்டில் நீங்கள் அந்தப் பையனை..."
"அதுவா," என்று கதவைச் சாத்தினார்,
"அங்கே எனக்கே வழி தெரியவில்லை, அம்மா."

நம்புவதா?
பேருந்து வரும்வரை யோசித்துக்கொண்டு நின்றேன்.
கோட்டுப்பையில் கிழிக்காத டிக்கெட் ஒன்று.
ரேமிகியுஷ் இந்நேரம்
எலும்பு வரைக்கும் வந்திருப்பான்.